முகமும் பெயரும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. எல்லாரும் அறிந்த இம்மொழியில் பலரும் எண்ணிப் பாராத ஒன்று அடங்கியுள்ளது. தெரியும் என்றனரேயன்றி, யாருக்குத் தெரியும் என்று முன்னோர் கூறினாரல்லர். வழியிற் செல்லும் அயலானுக்கு நம் முகம் வெறும் முகமே. தாய்க்கும், உடன்பிறந்தார்க்கும், நெடுநாட் பழகிய நண்பர்க்குமே அம்முகத்தின் வழியாக அகம் புலனாகும். ஆகவே, பிறர் முகத்தைப் படமாக்குவதைத் தொழிலாகக் கொண்டவர், அம்முகத்தார்க்கு ஓரளவேனும் உறவினர் போன்றவராதல் வேண்டும். உருவப்படம் எடுப்போரின் திறம் பாதி காமெராவிலும் பாதி பழக்கத்திலும் உள்ளது என்பது என் கருத்து. அப்பழக்கத்தால் விளைந்த படத்தினின்று பெயர் நீங்கிவிடுமாயின், படமும் பாதி அழிந்ததேயாம் என்பதும் என் கருத்து. இவ்விரண்டையும் விளக்கி, மாணவராகிய நாம் செய்யத்தக்க எளிய கடமை ஒன்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரை மாநகர் காமெராவின்முன் நின்ற காலம் மிகப் பழையது. சென்னை அரசாங்கத்தாரின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் 1858-ஆம் ஆண்டில் இந்நகர்க்கு வந்து, கோயிலையும், புதுமண்டபத்தையும், அக்காலத்திற் பாழுற்றுக் கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும், தெப்பக்குளத்தையும் படம் பிடித்தார். அவர் கையாண்டது மெழுகூட்டிய காகித நெகடிவ். அதன்மீது ஒளி நெடுநேரம் விழ வேண்டும். தூண் அசையாது, ஆதலின் தூண் தெளிவாய் விழுந்தது. மனிதன் அசைவான், ஆதலின் அவன் மங்கினான், அல்லது முற்றும் மறைந்தான். இவ்வாறு மதுரையின் கற்கள் முதலிற் படமாயின. மதுரையின் மக்கள் பின்னரே படமாயினர்.

மக்களை எளிதிற் படமெடுக்கவல்ல விரைவு சில ஆண்டுகளிற் கைகூடிற்று. 1871-இல் ரிச்சர்டு மாடக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டிற்கு வழி கண்டார். பின்னர் அத்தகடுகள் கடைச்சரக்காயின. ஆயின், விரைவு வந்ததனால் நட்பும் உடன் வந்தது எனல் ஆகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்புந் தோலுமாய் மெலிந்த ஏழைகளைக் கூட்டங் கூட்டமாக இருத்திப் படமெடுத்தார். அப்படங்களைக் காண்போர் நெஞ்சம் இன்றும் கலங்கும். எனினும், அவற்றில் இருப்போர் இன்னார் என்று நாம் அறியோம். சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். அவற்றிலுள்ள படங்களின்கீழ்ப் பெரும்பாலும் குலத்தின் பெயர் உண்டு; ஆளின் பெயர் இல்லை. அம்மக்கள் பிறரால் எடுக்கப்பட்டனர். தாமே விரும்பிப் படம் எடுத்துக்கொண்டாரல்லர். இவ்வேறுபாடு மிகப் பெரிது.

இவ்வேறுபாட்டை நம் நகரங்களில் உண்டாக்கியவர் யாவர் எனின், தெருவோரத்தில் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்த எளிய போட்டோக்காரரே என்பேன். அவரிடம் வந்தவர் தம் கால்களால் நடந்து, தம் காசு கொடுத்து, தாம் விரும்பிய உடையுடன், தாம் விரும்பியவர் பக்கத்தில் நின்றார். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் சந்தைக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ வந்த குடும்பம், ஊர் திரும்புமுன் ஸ்டுடியோ ஏறுதல் ஒரு சிறு சடங்கு போன்றது. அங்கே சுவரில் மாளிகைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் எழுதிய திரை தொங்கும். முன்னே ஒரு நாற்காலி, ஒரு சிறு மேசை, ஒரு பூச்சாடி. எழுதப் படிக்க அறியாத பாட்டியார் அந்நாற்காலியில் அரசியைப்போல் அமர்வார். கடைப் பதிவேட்டில் எண்ணும் பெயரும் ஊரும் ஏறும். தர்ஸ்டனின் தொகுதிகளில் இடம் பெறாத பெயர், போட்டோக்காரரின் கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் இடம் பெற்றது. எளியோர் சரித்திரத்தை எழுதியவர் இவரே என்று கூறினும் மிகையாகாது.

அவருடைய நாள் எவ்வாறு கழிந்தது என்று நோக்குவோம். மின்விளக்கு பரவுமுன், படமெடுப்பதற்கு வானொளியே துணை. கூரையில் கண்ணாடி பதித்து, வெண்துணித் திரையால் வெயிலைத் தணித்து, முற்பகலின் மெல்லிய ஒளி நிற்கும்போதே படங்களை எடுத்து முடிக்க வேண்டும். பிறகு இருட்டறை. மதுரையின் கோடையில் குழாய்நீரும் வெந்நீரே. ஜெலட்டின் சூட்டில் இளகும் இயல்பினது; சற்று அயர்ந்தால் தகட்டின்மேலுள்ள முகம் விளிம்பிற் சுருங்கி வழுக்கிவிடும். ஆகவே வெப்ப நாட்டுப் போட்டோக்காரர் இரவின் பின்பகுதியில் எழுந்து வேலை செய்தலும், படிகார நீரால் தகட்டை இறுக்குதலும், பனிக்கட்டி வாங்கி டெவலப்பர் தட்டைக் குளிர்வித்தலும் வழக்கமாயின. ஊரார் உறங்கும் வேளையில், சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், ஊராரின் முகங்கள் ஒவ்வொன்றாய் அவர் கையிற் பிறந்தன.

இத்தொழில் ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலன்று. பல இடங்களில் இது குடும்பத் தொழில். முன்கட்டு ஸ்டுடியோ, பின்கட்டு வீடு என்னும் அமைப்பில், தொழிலுக்கும் இல்லறத்துக்கும் இடையில் ஒரு கதவே உண்டு. அதுவும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். படங்களைப் பலமுறை நீர் மாற்றிக் கழுவுவதும், முற்றத்தில் உலர்த்துவதும், ஓரங்களை நறுக்குவதும், அட்டையில் ஒட்டுவதும் வீட்டார் கைகூடிச் செய்தற்குரிய வேலைகள். தகட்டிலுள்ள முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் கூரிய பென்சிலால் தணிக்கும் "டச்சிங்" வேலை, பொறுமையும் மெல்லிய விரலும் வேண்டுவது. வெள்ளைக் காகிதத்தில் உருவம் சிறிது சிறிதாய்த் தோன்றுவதைக் காணும் இன்பம், எத்தனை முறை கண்டாலும் தீராதது. அவ்வின்பத்தைப் பெறுதற்கு இருட்டறைக் கதவின் இடுக்கில் நின்று கெஞ்சாத சிறுவர் இரார். செல்வம் மிகுதியாய்த் தாராத தொழிலே எனினும், இத்தகைய சிறு மகிழ்ச்சிகளை நாள்தோறும் வீட்டிற்குள் கொணரும் தொழில் வேறு எத்தனை உண்டு?

ஸ்டுடியோக்காரர் ஊரார் வீட்டின் உட்கூடம்வரை செல்லும் உரிமை பெற்றவர். வளைகாப்பு நாளில் அவரை அழைப்பர். மல்லிகையும் தாழம்பூவும் வைத்துத் தைத்த சடையைக் காட்ட வேண்டும். முகத்தையும் காட்ட வேண்டும். ஒரே படத்தில் இரண்டும் விழுதல் எங்ஙனம்? பெண்ணின் பின்னே கண்ணாடியை நிறுத்தி, முகம் நேரிலும் சடை கண்ணாடியிலும் தோன்றச் செய்தனர் நம் போட்டோக்காரர். தமிழ்நாட்டு இல்லங்களிற் பரவலாய்க் காணும் அப்படம் எந்த மேனாட்டு நூலைப் பார்த்தும் செய்ததன்று; நம் பெண்டிரின் மகிழ்ச்சியை அறிந்தவர் செய்த உபாயம் அது. துக்கத்திலும் அவரையே அழைத்தனர். உயிரோடிருந்த காலத்திற் படமெடுக்கத் தவறிய முதியவரை, சந்தனமும் மாலையும் இட்டு நாற்காலியில் இருத்தி, சுற்றத்தார் சூழ நிற்க, இறுதிப் படம் எடுத்தனர். அவ்வேளையில் அழுதவர் தோளைத் தொட்டு, "அம்மா, சற்று இப்படி நில்லுங்கள்" என்று கூறுதற்கு எந்திர அறிவு போதாது. உறவினர்க்குரிய இதம் வேண்டும். அவர் எடுத்த குழந்தையே வளர்ந்து மணமகளாய் அவர்முன் நிற்பாள். பின்னர் அவள் குழந்தையையும் அவரே எடுப்பார். கலியாணப் பந்தியில் அவருக்கும் ஓர் இலை உண்டு.

அவருடைய நட்பு வட்டமும் இனியது. சட்டம் போடும் கடைக்காரர், திரை எழுதும் ஓவியர், நாடகக் கொட்டகையார், அச்சுக்கூடத்தார் ஆகிய இவர்கள் ஒருவர் தொழிலில் ஒருவர் வாழ்ந்தனர். இதற்குச் சிறந்த சான்று, மதுரைக்குத் தெற்கே கரிசற் சமவெளியிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) ஆவார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிவந்த அவர், 1940-களில் அவ்வூரிற் குடியமர்ந்தார். மாணாக்கர் சிலருடன் கூடி அவர் நடத்திய ஓவியசாலையில் படமெடுத்தலும் நடைபெற்றது. சிவகாசியில் அச்சாகி நம் வீடுகளில் தொங்கிய தெய்வப் படக் காலண்டர்கள் பல அவ்வட்டத்தினர் கைவண்ணம். ஒரே கூரையின்கீழ் ஆசிரியரும் மாணாக்கரும் குடும்பம்போல் வாழ, அங்கே தெய்வ முகமும் மனித முகமும் அடுத்தடுத்து உருவாயின.

எனினும், இத்தொழிலாளருள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்தவர் மிக அரியர். ஊரார் படமெல்லாம் எடுத்தவர் வீட்டில் அவர் படமே அருமையாகத்தான் கிடைக்கும். ஆதலின், படமெடுத்தலும் இல்லறமும் நட்பும் எவ்வாறு ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன என்பதைத் தாமே எழுதிவைத்த ஒருவரை அயல்நாட்டிலிருந்து இங்கே காட்டுகின்றேன். அவ்வம்மையாரின் இறுதிக் காலம் நம் மதுரைச் சீமையாரோடும் ஒருவாறு தொடர்புற்றது.

ஜூலியா மார்கரெட் காமரன் 1815-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1838-இல் அந்நகரிலேயே சார்லஸ் ஹே காமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்னும் ஊரிற் குடியேறினார். 1863-இன் இறுதியில், அவருக்கு 48 வயதாயிருந்தபோது, மகளும் மருமகனும் ஒரு காமெராவைப் பரிசாக அளித்தனர். பேரப்பிள்ளை காணும் பருவத்தில் அவர் புதுத்தொழில் கற்கத் தொடங்கினார். கரி போட்டிருந்த அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி பதித்த கோழிக்கூண்டு ஸ்டுடியோ ஆயிற்று. 1864 ஜனவரியில் ஆனி ஃபில்பாட் என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தது. அதுவே தம் முதல் வெற்றி என்று களித்து, அன்றைக்கே அதை அச்சிட்டுச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தைக்கு அளித்தார். புதுப்படம் கைகூடியபோதெல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட அதை எடுத்துக்கொண்டு கணவரிடம் ஓடுவாராம். உணவு மேசை விரிப்புகள் கறைபட்டன. கணவர் முகஞ் சுளியாது மகிழ்வாராம். இச்செய்திகளை 1874-இல் அவர் எழுதத் தொடங்கி முடியாது விட்ட தன்வரலாற்றுக் குறிப்பிற் காணலாம். அது அவர் காலத்திற்குப்பின் 1889-இல் அச்சேறிற்று.

அவர் படங்களில் நின்றவர் யாவர்? அடுத்த வீட்டுக் கவிஞர் டென்னிசன். நெடுநாள் நண்பராகிய வானநூலறிஞர் ஜான் ஹெர்ஷல். அவர்களோடு ஒப்ப, வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். தெருவில் தாயோடு இரந்து நின்ற மேரி ரயன் என்னும் அயர்லாந்துச் சிறுமியை வீட்டிற் சேர்த்து வளர்த்துப் படமெடுத்தார். ஒரு கண்காட்சியில் அப்படத்தைக் கண்டு மனம் பறிகொடுத்த ஹென்றி காட்டன், 1867-இல் அவளையே மணந்தார். அவர்தாம் பிற்காலத்தில் ஸர் ஹென்றி காட்டனாகி, 1904-இல் பம்பாயிற் கூடிய இந்திய தேசீய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர். அம்மையார் தம் படங்களின் அடியில் தம் கையாலேயே குறிப்பு எழுதும் வழக்கமுடையவர். கவிஞர் பெயர் மட்டுமன்றிப் பணிப்பெண்ணின் பெயரும் இன்று உலகிற்குத் தெரியும். ஏன்? ஒரே வீட்டில், ஒரே மொழி பேசி வாழ்ந்தமையால்.

1875-இல் காமரன் தம்பதிகள் இலங்கைக்குப் புறப்பட்டனர். காப்பித் தோட்டங்களே அவர்தம் சொத்து. களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த அம்மையார் அங்கேயும் படமெடுத்தார். அப்படங்களில் 30-க்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. வீட்டுப் பணியாளரும் தோட்டத்தில் உழைத்த தமிழரும் அவற்றில் நிற்கின்றனர். அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நார்த், தோட்டமே இல்லாத அவ்வீட்டில் முதுகழகு வாய்ந்த ஒருவனைப் படமெடுக்கும் பொருட்டே தோட்டக்காரனாக வைத்திருந்தனர் என்று வேடிக்கையாக எழுதியுள்ளார். 1879 ஜனவரி 26-இல் அம்மையார் அத்தீவிலேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பெற்றார். ஃபிரெஷ்வாட்டர்ப் படங்களில் அத்தனை பெயர் இருக்க, இலங்கைப் படங்களில் நிற்போர் பெயர் எங்கே? "களுத்துறைக் குடியானவர்", "பெண், இலங்கை" என்ற அளவே நமக்குக் கிடைப்பது.

இது சிந்திக்கத்தக்கது. அக்காலத்தில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தே பெரும்பாலும் சென்றவர். தாது வருஷப் பஞ்சம் அவரைக் கூட்டங் கூட்டமாகத் துரத்திற்று. தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிற் படகேறி, அக்கரையில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நடந்து சென்றனர். ஆகவே, உலகப் புகழ் பெற்ற கலைஞர் ஒருவரின் படத்தில் நிற்கும் அப்பெண் நம் பக்கத்து ஊராளாகவும் இருக்கலாம். அவள் மரபினர் இன்றும் நம்மிடையே வாழலாம். ஆயினும், "இவள் என் பாட்டியின் பாட்டி" என்று கூற ஒருவராலும் இயலாது. காமரன் அம்மையாரிடம் கலையும் அன்பும் குறைவற இருந்தன. ஆனால் அவர் அவள் மொழியை அறியார். அவளும் அவர் மொழியை அறியாள். நட்பு எங்கே நின்றதோ அங்கே பெயரும் நின்றுவிட்டது.

அயலார் கையில் நேர்ந்த இவ்விழப்பு நம் வீட்டிலேயே நேருமாயின் அதற்குச் சமாதானம் உண்டோ? நேர்ந்துகொண்டே இருக்கின்றது. பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. இடமின்மையாற் கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிச் சட்டக் கண்ணாடிக்கு விற்றவரும், குப்பையிற் கொட்டியவரும் பல ஊர்களில் உண்டு. எஞ்சியவற்றைக் கரையானும் ஈரமும் தின்றன. புதுவையிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தோர் 2010-களில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் துணைகொண்டு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களையும் குடும்பப் படங்களையும் தேடிப் படியெடுத்தனர். அவர்தம் தொண்டு போற்றற்பாலது. ஆயினும், ஆராய்ச்சியாளர் முகத்தைக் காக்கலாம். பெயரை அவர் எங்ஙனம் காப்பார்? பெயரை அறிந்தவர் போட்டோக்காரரும் வீட்டு முதியவருமே. போட்டோக்காரர் மறையும்போது ஓர் ஊரின் முகங்களை அறிந்த நினைவு மறைகின்றது. பாட்டியார் மறையும்போது ஒரு வீட்டின் முகங்களை அறிந்த நினைவு மறைகின்றது.

இதற்குச் சிலர் தடை கூறுவர். "ஸ்டுடியோப் படம் பொய்ப்படமன்றோ? எழுதிய மாளிகை, இரவல் நாற்காலி, பென்சிலால் அழித்த தழும்பு. இவற்றில் உண்மை எங்கே?" என்பர். தாம் எவ்வாறு காணப்பெற வேண்டும் என்று ஒருவர் விரும்பினாரோ, அதுவும் அவரைப் பற்றிய உண்மையே. ஆண்டு முழுதும் சேற்றில் நின்றவர் ஒரு நாழிகை நாற்காலியில் அமர விரும்பியதைப் பொய் என்று பழித்தல் நன்றன்று.

வேறு சிலர், "ஏழைகள் பலர் ஸ்டுடியோவின் படியே ஏறினாரல்லரே" என்பர். இது மெய். ஒரு படத்தின் கூலி பலருடைய சில நாட் கூலிக்கு ஒப்பாயிருந்த காலம் உண்டு. ஆகவே அந்நாளைய படங்களில் நம் சமவெளி மக்கள் எல்லாரும் இலர். இருக்கும் சிலவற்றை இன்னும் கருத்தாய்க் காத்தற்கு இதுவே காரணமாகும்.

மற்றும் சிலர், "இக்காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் காமெரா இருக்க, ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கின்றோமே, பழைய அட்டையைப் பற்றி ஏன் இத்துணைக் கவலை?" என்பர். கைப்பேசி படமெடுத்த நாளையும் நாழிகையையும் தவறாது குறிக்கும், "இவர் என் தாய்மாமன், என்னைத் தோளிற் சுமந்து வைகை காட்டியவர்" என்று குறிக்குமோ? முகங்கள் பெருகின, ஒவ்வொரு முகத்தின் எதிரிலும் நாம் நிற்கும் நேரம் குறைந்தது. மற்றொரு புறம், 1993-இல் தேர்தல் ஆணையத்தார் வாக்காளர்க்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்க முற்பட்டனர். நாட்டுப்புற முதியவர் பலர்க்குத் தனியே எடுத்த படம் அதுவொன்றே. அதில் முகம் உண்டு, பெயரும் உண்டு, ஆயின் அவ்வட்டையைக் கண்டு, "இது நான்தானா?" என்று வினவாதவர் சிலரே! வரிசையில் நிறுத்தி நொடியில் எடுத்த படத்தில் முகம் இருந்தும் அகம் இல்லை. ஆகவே, முகம், பெயர், பழக்கம் ஆகிய மூன்றும் கூடிய படமே முழுப்படம் என்று அறிக.

இனி, நாம் செய்யற்பாலது யாது? பெரும்பொருள் வேண்டா, சங்கம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றவும் வேண்டா. வருகின்ற விடுமுறையில் ஊர்க்குச் செல்லும்போது ஒரு மெல்லிய பென்சில் கொண்டு செல்லுங்கள். சுவரிலும் பெட்டியிலும் உள்ள பழைய படங்களை எடுத்து, வீட்டின் மூத்தவர் அருகில் அமருங்கள். "இவர் யார்? இவர் பக்கத்தில் நிற்பவர் யார்? எந்த ஊர் ஸ்டுடியோவில், எக்காரணம் பற்றி எடுத்தது?" என்று கேளுங்கள். அவர் கூறியதைப் படத்தின் பின்புறத்தில், அழுத்தாமல், பென்சிலாலேயே எழுதுங்கள். மை ஊறி முகத்தைக் கெடுக்கும். பெயரோடு உறவும், ஊரும், ஏறத்தாழ ஆண்டும் எழுதுதல் நலம். படத்தின் அடியில் ஸ்டுடியோவின் முத்திரை இருப்பின் அதனையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கைப்பேசியால் இருபுறமும் படியெடுத்துச் சுற்றத்தார்க்கு அனுப்புங்கள். இவ்வாறு செய்யின், பழைய கருவியும் புதிய கருவியும் ஒன்றற்கொன்று துணையாகும். உங்கள் ஊரில் வயது முதிர்ந்த போட்டோக்காரர் யாரேனும் இருப்பின், அவரையும் கண்டு வணங்கி, அவர் கூறுவனவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கேட்பாரின்றி அவர் நெஞ்சிற் கிடக்கும் செய்திகள் பல. கேட்பவர் வந்தாரெனில் அவர்க்கு அதுவே பெரிய மகிழ்ச்சி.

இவ்வேலையிற் கிடைக்கும் பயன் ஆராய்ச்சிப் பயன் மட்டுமன்று. பாட்டியார் ஒரு படத்தைக் கையில் வாங்கி, விரலாற் கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு பெயராய்க் கூறும்போது, நம் வீட்டில் அதுகாறும் பேசப்படாத கதைகள் பேசப்படும். இளமையில் இறந்த அத்தையின் பெயரை அன்று முதன்முறை கேட்போம். பர்மாவிலிருந்து திரும்பாத பாட்டனாரின் முகத்தை அன்று முதன்முறை அறிவோம். போட்டோக்காரர் தம் இருட்டறையில் நாள்தோறும் பெற்ற இன்பம், வெற்றுத்தாளில் ஒரு முகம் தோன்றக் காணும் இன்பம், அன்று நமக்கும் ஒருவாறு கிட்டும்.

நம் ஆண்டு மலரிலும் வகுப்புவாரியாகவும் விடுதிவாரியாகவும் குழுப்படங்கள் இடம்பெறுகின்றன. நிற்போர், அமர்ந்திருப்போர் என்று வரிசையாகப் பெயர் அச்சிடும் நல்வழக்கத்தை நம் முன்னவர் தொடங்கிவைத்தனர். சிலர்க்கு அது இடத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். இடம் குறையின் கட்டுரை ஒன்றைக் குறைத்துக்கொள்க. இக்கட்டுரையையே குறைப்பினும் வருந்தேன். கடைசி வரிசையின் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும் மாணவன் பெயரும், குழுவோடு நிற்கும் விடுதிச் சமையற்காரர் பெயரும், மணியடிப்பவர் பெயரும் விடுபடாமல் அச்சாதல் வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து இம்மலரைப் புரட்டும் ஒரு பேரன் தேடப்போவது அப்பெயர்களுள் ஒன்றையே.